கோதெட்சு பெயர் பொறித்த வாள்: பொறிப்பை எப்போது படிப்பது?

நாகோயாவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானின் நாகோயாவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பழைய வாள்களில் ஆர்வம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை அருங்காட்சியகங்களில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டிருந்த நான், சென்ற மாதம் ஒரு பழம்பொருள் வணிகரிடம் முதன்முதலாக ஒரு வாகிஸாஷியை, அதாவது நடுத்தர நீளமுள்ள வாளை, வாங்கிவிட்டேன். கைப்பிடிக்குள் நுழையும் நக்காகோவில் 'நாகாசொனே ஒகிசாதோ நியூதோ கோதெட்சு' என்று பொறித்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வாள்கொல்லர் ஒருவரின் பெயர் அது. கூடவே 1951ஆம் ஆண்டு தேதியிட்ட பதிவுச் சீட்டும், ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் முன்னொரு காலத்தில் வழங்கிய பச்சை நிறச் சான்றிதழும் கிடைத்தன. வணிகர் கேட்ட விலை ஒரு கோதெட்சுவுக்கு மிகக் குறைவு என்பதும், பெயரில்லாத ஒரு வாகிஸாஷிக்கு மிக அதிகம் என்பதும் வாங்கி வந்த பிறகே எனக்கு உறைத்தது.

இது உண்மையான கோதெட்சுவாக இருக்க வாய்ப்பு உண்டா? அதை முடிவு செய்ய நான் எதை முதலில் பார்க்க வேண்டும்? பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

உளிச்சுவடு

வாழ்த்துகள், நாகோயாவாசி. வாங்கிய பிறகாவது கேட்டீர்களே. பலர் வாங்கிப் பத்து ஆண்டுகள் கழித்து, விற்கப் போகும் நாளில்தான் கேட்கிறார்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் பொறிப்பை ஒரு வாரத்துக்கு மறந்துவிடுங்கள். வாள் ஆய்வில் பழகியவர்கள் முதலில் பார்ப்பது உருவம், அடுத்தது இரும்பின் மேற்பரப்பில் தெரியும் மடிப்பு வரிகள், அதற்கடுத்தது வெட்டும் விளிம்பில் தோய்ச்சலால் உண்டாகும் ஹமோன் என்னும் வெண்ணிறக் கோலம். கடைசியில்தான் நக்காகோவுக்கு வருவார்கள். ஜப்பானில் பயிற்சிக்காக நடக்கும் அடையாளம் காணும் போட்டிகளில் நக்காகோவைத் துணியாலோ கைப்பிடியாலோ மூடியே கையில் தருவார்கள். அலகை மட்டும் பார்த்து, எந்தக் காலம், எந்த மரபு, யார் கை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லி முடித்த பிறகு பொறிப்பைப் பார்த்தால், அது அலகோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும். பொறிப்பை முதலில் படித்தவனுடைய கண்ணோ அலகில் அந்தப் பெயரைத்தான் தேடும், தேடினால் கிடைத்தும்விடும்.

'கோதெட்சுவைப் பார்த்தால் போலி என்று நினை' என்பது ஜப்பானியர்களிடையே வழங்கும் சொலவடை. கோதெட்சு எச்சிசென் மாகாணத்தில் கவசம் செய்யும் கொல்லராக இருந்தவர். ஏறத்தாழ ஐம்பது வயதில் எதோ நகருக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, வந்து வாள் அடிக்கத் தொடங்கினார். அவருடைய வாள் வாழ்க்கை 1650களின் நடுவிலிருந்து 1670கள் வரை, சுமார் இருபது ஆண்டுகள்தான். அந்த இருபது ஆண்டுகளில் ஒருவர் அடித்திருக்கக்கூடிய எண்ணிக்கையைவிடப் பல மடங்கு வாள்கள் அவர் பெயரைச் சுமந்து உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவர் வாழ்ந்த காலத்திலேயே பெயர் பரவிவிட்டது. யமானோ காஎமோன் நாகாஹிசா என்ற வெட்டுச் சோதனையாளர் கோதெட்சுவின் வாள்களைச் சோதித்து, அதன் முடிவைப் பொன் இழைத்த எழுத்துகளால் நக்காகோவிலேயே பதித்த வாள்கள் இன்றும் உள்ளன. பிற்காலத்தில் ஷின்செங்குமி என்னும் சாமுராய்ப் படையின் தலைவர் கொந்தோ இசாமி கோதெட்சு வைத்திருந்தார் என்ற கதையும் சேர்ந்துகொண்டபோது, விலை ஏறியது, போலியும் பெருகியது. கொந்தோவின் வாளே போலிதான் என்று சொல்லும் கதையும் உண்டு என்பதை உங்கள் ஆறுதலுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அலகின் அளவுகளையும் ஹமோனின் வடிவத்தையும் எழுதுங்கள். நக்காகோவைத் தயவுசெய்து துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், எண்ணெயும் பூசாதீர்கள். அதன் பழந்துரு வாளின் வயதுக்குச் சாட்சி. ஒரு தடவை தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சி திரும்பி வராது.

பழம்பொருள் பித்தன்

உளிச்சுவடு ஐயா அலகைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் வாளை வாங்குவதில்லை, காகிதத்தைத்தான் வாங்குகிறார்கள்.

அந்தப் பதிவுச் சீட்டு, தோரோகுஷோ, மாநிலக் கல்வி வாரியம் வழங்குவது. அதில் வாளின் வகை, நீளம், வளைவு, ஆணித்துளைகளின் எண்ணிக்கை, பொறிப்பு ஆகியவை இருக்கும். பொறிப்பு என்ன சொல்கிறதோ அதை அப்படியே எழுதியிருப்பார்களே தவிர, அது உண்மை என்று யாரும் அங்கே சொல்லவில்லை. இது வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் போன்றது. நீங்கள் இதை வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம் இல்லை என்பதற்கு மட்டுமே அது ஆதாரம். உரிமை மாறிய 20 நாள்களுக்குள் அந்த வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதை முதலில் செய்தீர்களா? 1951 என்று பார்த்ததும் வணிகர் 'இது பழைய பிரபு வீட்டு வாள்' என்று சொல்லியிருப்பாரே? பதிவுமுறை தொடங்கியபோது பெரிய குடும்பங்கள்தான் முதலில் வரிசையில் நின்றன என்று சேகரிப்பாளர்கள் நம்புவதால் அந்த ஆண்டுக்கு ஒரு மவுசு உண்டு. ஆனால் பிரபு வீட்டிலும் போலி இருக்கும். பரிசாகக் கொடுக்கப்படும் பொருளை யாரும் உரசிப் பார்ப்பதில்லை அல்லவா?

பச்சைத் தாள்தான் எனக்கு இடிக்கிறது. கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1948இல் தொடங்கப்பட்டது. இன்று அது வழங்கும் ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என்ற நான்கு படிநிலைகளில் முதல் இரண்டும் 1982இல் வந்தவை. அதற்கு முந்தைய வெள்ளைத் தாள், பச்சைத் தாள் ஆகியவற்றுக்கு, அதிலும் பெரிய பெயர்கள் எழுதப்பட்டவற்றுக்கு, இன்று சந்தையில் பெரிய மதிப்பு இல்லை. அந்தக் காலத்தில் சில சான்றிதழ்கள் ஒழுங்காக வழங்கப்படவில்லை என்ற பேச்சு ஊரறிந்தது. எல்லாப் பச்சைத் தாளும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன்: கையில் இருப்பது உண்மையான கோதெட்சு என்றால், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதன் உரிமையாளர்களில் ஒருவருக்குக்கூடவா புதிய சான்றிதழுக்கு அனுப்பி, விலையைப் பல மடங்கு உயர்த்திக்கொள்ளத் தோன்றவில்லை? அனுப்பியிருப்பார்கள். வெறுங்கையோடு திரும்பியிருக்கும். பிறகு பச்சைத் தாளோடு மட்டும் விற்றிருப்பார்கள்.

நாகோயாவாசி

பித்தன் ஐயா, வணிகர் சொன்ன வார்த்தையை நீங்கள் அருகில் நின்று கேட்டது போல எழுதியிருக்கிறீர்கள். உரிமை மாற்றத்தை முதல் வாரத்திலேயே தெரிவித்துவிட்டேன்.

உளிச்சுவடு ஐயா கேட்ட விவரங்கள்: அலகின் நீளம் 51.5 செ.மீ., வளைவு 1 செ.மீ.க்குச் சற்று அதிகம். அடியில் அகலம் 3.1 செ.மீ., முனையருகே 2.2 செ.மீ. நக்காகோ குறுக்கப்பட்டதாகத் தெரியவில்லை, ஒரே ஆணித்துளைதான். ஹமோன் வட்டமான அலைகளாக எழுந்து தாழ்கிறது. அவற்றிற்கு இடையே அங்கங்கே கூர்மையான தலைகள், தேவதாரு மரத்தின் உச்சியைப் போல, சில இடங்களில் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து நிற்கின்றன. மேற்பரப்பில் பலகையின் நெடுக்கு வரி போன்ற ஓட்டமும், அதில் கொஞ்சம் முடிச்சுகளும் தெரிகின்றன. விளக்கை ஒரு பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் இவ்வளவும் தெரிகிறது. நேராகப் பிடித்தால் கண்ணாடி போல என் முகந்தான் தெரிகிறது.

உளிச்சுவடு

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். விளக்கை அலகின் நுனிக்கு நேராக, கொஞ்சம் தொலைவில் வைத்து, அலகை மெல்லத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், இன்னும் தெரியும்.

உருவத்தைப் பொறுத்தவரை, குறைந்த வளைவும் நுனியை நோக்கிக் குறுகும் அகலமும் கன்புன் காலத்தை, அதாவது 1661 முதல் 1673 வரையுள்ள ஆண்டுகளைச் சுற்றிய பாணியை நினைவூட்டுகின்றன. கோதெட்சுவும் அந்தக் காலத்தவர்தான். ஆனால் அந்தப் பாணியில் ஜப்பான் முழுவதும் நூற்றுக்கணக்கான கொல்லர்கள் அடித்தார்கள். ஆகவே உருவம் அவரை விலக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை.

ஹமோன்தான் எனக்குத் தடையாக இருக்கிறது. கோதெட்சுவின் முதிர்ந்த காலத்து ஹமோன் ஜபமாலை மணிகளைக் கோத்தாற்போலத் தலைகள் உருண்டு, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு செல்லும்; அதற்கு ஜூசுபா என்றே பெயர். விளிம்பில் நிஎ என்னும் பனித்துளி போன்ற பளபளக்கும் படிகங்கள் தடித்து ஒளிரும். அவருடைய இரும்பின் பளபளப்பு மற்றவர்களிடம் காண்பது அரிது. நீங்கள் சொல்லும் கூர்த்தலைகளும், இரண்டு மூன்றாய்ச் சேர்ந்து நிற்கும் தேவதாருக்களும் மினோ மாகாணத்து மரபின் கையெழுத்து. செகி நகரத்துக் கொல்லர்களிடம் அவற்றை எங்கும் பார்க்கலாம். அந்த நகரம் உங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவில்தானே இருக்கிறது.

இப்போது நக்காகோவைப் பாருங்கள். முதலாவது, எழுத்தின் வடிவம். கோதெட்சு தொடக்கத்தில் 'பழைய இரும்பு' என்று பொருள்படும் எழுத்துகளில் தம் பெயரைப் பொறித்தார். பழைய இரும்பை உருக்கிப் பயன்படுத்தியதால் வைத்துக்கொண்ட பெயர் அது. பிறகு 'புலி' என்னும் எழுத்துக்கு மாறினார். அந்தப் புலியின் கடைசிக் கோடு முதலில் மேல்நோக்கித் துள்ளி முடியும். 1664 வாக்கிலிருந்து புலி எழுத்தின் வேறொரு வடிவத்துக்கு மாறினார், அது பெட்டி போல இருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றைத் 'துள்ளும் புலி', 'பெட்டிப் புலி' என்றே அழைக்கிறார்கள். அலகு ஒரு காலத்தையும் புலி வேறொரு காலத்தையும் காட்டினால் கதை முடிந்தது. ஆனால் இவ்வளவும் நூல்களில் அச்சாகியிருப்பதால் போலி செய்தவர்களுக்கும் இது தெரியும். ஹொசொதா ஹெய்ஜிரோ நாவோமிட்சு, கஜிஹெய் என்ற பெயரில் புகழ்பெற்றவர், 19ஆம் நூற்றாண்டில் பிறர் பெயர்களைப் பொறிப்பதில் வல்லவர். உண்மைப் பொறிப்புகளையும் தாம் செய்த போலிகளையும் படியெடுத்து ஒரு தொகுப்பாகவே விட்டுச்சென்றார். திருடன் எழுதிவைத்த கணக்கே பின்னால் வந்தவர்களுக்குப் பாடநூலானது.

ஆகவே வடிவத்தைவிட உளியின் நடத்தையைப் பாருங்கள். தன் பெயரை ஆயிரம் முறை பொறித்தவனுடைய உளி தயங்காது. கோட்டின் ஆழமும் அடிகளின் இடைவெளியும் ஒரே தாளத்தில் இருக்கும். பார்த்து வரைபவனுடைய உளி வளைவுகளில் நின்று நின்று செல்லும். உளி இறங்கும்போது கோட்டின் இரு கரையிலும் இரும்பு சற்றே மேலெழும். முந்நூறு ஆண்டு கையாண்டதில் அந்தக் கரை மழுங்கியிருக்க வேண்டும். கோட்டின் உள்ளே இருக்கும் துருவும் வெளியே இருக்கும் துருவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் பொறிப்பின் மேல் மெல்லத் தடவுங்கள். எதற்கென்று இப்போது சொல்ல மாட்டேன், உணர்ந்ததை எழுதுங்கள்.

கிந்தா ஆற்றங்கரை

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். மலேசியாவின் ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1945இல் ஜப்பானியர் சரணடைந்த நாள்களில் அவரிடம் வந்து சேர்ந்த ஒரு வாள் எங்கள் வீட்டில் பரணில் கிடக்கிறது. எப்படி வந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பாட்டி அதைத் தொடவே விடமாட்டார். கைப்பிடி நாடா சுற்றியது போலத் தோன்றினாலும் உண்மையில் முழுவதும் உலோக வார்ப்பு. அலகில் நெடுக ஒரு பள்ளம் ஓடுகிறது, அதில் ஐந்து இலக்க எண் ஒன்று அடித்திருக்கிறது. இதுவும் பழங்கால சாமுராய் வாளா? மாமா ஒருவர் இதைக் கோடி ரிங்கிட்டுக்கு விற்கலாம் என்கிறார்.

பழம்பொருள் பித்தன்

அம்மா, உங்கள் மாமாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். இது 95ஆம் வகை ராணுவ வாள். ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2595, அதாவது 1935இல், அதிகாரி நிலையில் இல்லாத படைவீரர்களுக்கென்று கொண்டுவரப்பட்டது. எந்திரத்தில் செய்த அலகு, எண்ணெயோ நீரோ தெளித்துக் கொல்லர் தோய்த்ததன்று. தொடக்கத்தில் கைப்பிடியைச் செம்பிலும் பிறகு அலுமினியத்திலும் வார்த்து, நாடா சுற்றியது போல வண்ணம் பூசினார்கள். சாமுராய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆனால் மலாயாவில் அந்த ஆண்டுகளை வாழ்ந்த ஒரு வீட்டில், கைமாறாமல் இருந்துவந்த வாள் என்பதே அதற்கு ஒரு மதிப்பு. இன்று 95ஆம் வகைக்குத்தான் போலிகள் மலிந்து கிடக்கின்றன. எண்களின் வடிவம் கோணலாக இருக்கும், வார்ப்பின் நாடாக் கோலம் மொழுக்கையாக இருக்கும், பள்ளம் நுனியருகே தவறான இடத்தில் முடியும். உங்கள் வாளில் உறையின் வாயிலும் அலகில் உள்ள எண்ணே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவை தொழிற்சாலையிலிருந்தே ஒன்றாக வந்தவை. பித்தளை மெருகு, உப்புக்காகிதம் எதையும் அதன் அருகில் கொண்டுபோக வேண்டாம். ஜப்பானுக்கு எடுத்துச் சென்று விற்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மரபு முறையில் அடிக்கப்படாத அலகை அங்கே பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாத வாளை அங்கே யாரும் வைத்துக்கொள்ள முடியாது.

அதிகாரிகளுடைய 94, 98 வகைகள் வேறு கதை. அவற்றில் பெரும்பாலானவை போர்க்கால உற்பத்தி. செகியில் செய்த பலவற்றில் சிறிய முத்திரை அடித்திருப்பார்கள். ஆனால் குடும்பத்தின் பழைய அலகை ராணுவக் கைப்பிடிக்குள் பொருத்திக்கொண்டு போருக்குப் போனவர்களும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பானிய அதிகாரிகள் ஒவ்வொருவரும் தம் வாளை ஒப்படைக்க வேண்டும் என்று மவுண்ட்பேட்டன் பிடிவாதமாக இருந்ததால், அந்த அலகுகள் யாராரோ வீடுகளுக்குச் சென்றுவிட்டன. எனவே அதிகாரி வாள் என்றால் மட்டும் மூங்கில் ஆணியைத் தட்டி, உள்ளே பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

உளிச்சுவடு

பித்தன் அவர்களின் ஒரு வாக்கியத்தில் சிறு திருத்தம். கொல்லர் அலகை முழுதாகத் தண்ணீரில் முக்கித் தோய்ப்பாரே தவிரத் தெளிப்பதில்லை. விளிம்பில் மெல்லியதாகவும் முதுகில் தடிமனாகவும் களிமண் பூசி, உலையில் காய்ச்சி, ஒரே மூச்சில் நீரில் இறக்குவார். விளிம்பு சட்டெனக் குளிர்ந்து கடினமாகும், முதுகு மெல்லக் குளிர்ந்து இளகியிருக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹமோன். வாளின் வளைவில் ஒரு பகுதியும் அந்த நொடியில்தான் பிறக்கிறது. இதனால்தான் அமிலம் பூசி வரைந்த பொய் ஹமோனை உருப்பெருக்கியால் பார்த்தால் தட்டையான வெண்கறை மட்டும் தெரியும், உள்ளே படிகம் எதுவும் தெரியாது.

உலைக்களம்

நான் உலோகவியல் படித்தவன். தோய்ச்சல் பற்றிய விளக்கம் மிகச் சரி. ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். தொகுகாவா இஎயாசுவின் கொல்லரான எச்சிசென் யசுட்சுகு தம் வாள்களில் 'நன்பான் இரும்பைக் கொண்டு' என்று பொறித்திருக்கிறார். நன்பான் என்றால் தெற்கிலிருந்து கடல்வழி வந்தது. தென்னிந்திய உருக்கு உலகெங்கும் ஏற்றுமதியானது நமக்குத் தெரியும். அப்படியானால் சாமுராய் வாள்களுக்குள் இருப்பது நம் கொங்கு நாட்டு உருக்குதானே?

உளிச்சுவடு

'தானே' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, ஐயா. பொறிப்பு உண்மை, யசுட்சுகு அப்படித்தான் பொறித்தார், அதைப் பெருமையாகவும் கருதினார். ஆனால் 'நன்பான்', அதாவது தெற்குக் காட்டுமிராண்டி, என்ற சொல்லைப் போர்த்துகீசியர் முதலாகத் தென்கடல் வழியே வந்த எல்லாரையும், அவர்கள் கொண்டுவந்த எல்லாப் பொருளையும் குறிக்கப் பயன்படுத்தினார்கள். அந்தச் சொல் கப்பல் வந்த வழியைச் சொல்கிறதே ஒழிய, உலை இருந்த ஊரைச் சொல்லவில்லை. இந்திய உருக்கும் அதில் இருந்திருக்கலாம் என்று எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். நாகோயாவாசியிடம் 'பொறிப்பைப் படித்துவிட்டு வாளை முடிவு செய்யாதீர்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் அதே இழையில், நாமே ஒரு பொறிப்பைப் படித்துவிட்டுச் சுரங்கத்தை முடிவு செய்யலாமா?

யசுட்சுகுவைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. 1615இல் ஒசாகா கோட்டை எரிந்தபோது தொயொத்தோமி குடும்பத்தின் அரிய வாள்கள் பல நெருப்பில் தோய்ச்சலை இழந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு யசுட்சுகுதான் மீண்டும் தோய்ச்சல் கொடுத்தார். பழங்காலக் கொல்லர் யோஷிமிட்சு அடித்த 'இச்சிகோ ஹிதோஃபுரி' என்ற வாள் அப்படி மீண்டதுதான். அலகு யோஷிமிட்சுவுடையது, ஹமோன் யசுட்சுகுவுடையது. உண்மை, போலி என்ற இரண்டு பெட்டிகளுக்குள் இதை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?

நாகோயாவாசி

கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். பொறிப்பு இருக்கும் இடம் மட்டும் சற்றுக் குழிந்திருக்கிறது, ஐயா. மேலும் கீழும் தடிமன் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் இருப்பதை விரல் உணர்கிறது. அளவுமானியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டுகிறது. அரத்தின் வரிகளும் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேறு சாய்வில் போகின்றன.

இதோடு வந்த ட்சுபா, கைக்காப்புத் தகடு, பற்றியும் கேட்க வேண்டும். இரும்பு, 'நொபுஇஎ' என்று பொறித்திருக்கிறது. அதையும் மறந்துவிட வேண்டுமா?

பழம்பொருள் பித்தன்

நொபுஇஎயை முதலில் மறந்துவிடுங்கள். ட்சுபா உலகத்தின் கோதெட்சு அவர்தான். இரும்பு ட்சுபாவில் நான் பார்ப்பது பொறிப்பையன்று, ஓட்டைகளின் உட்சுவர்களை. அடித்துச் செய்து அறுத்தெடுத்த தகட்டில் உட்சுவரில் அரத்தின் தடம் இருக்கும். அச்சில் வார்த்ததில் நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடும், கூர்மூலைகள் மழுங்கிச் சோப்பு போல இருக்கும், உருப்பெருக்கியில் பார்த்தால் ஊசிமுனைக் குமிழிகள் தெரியும். நூல் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினால் அடித்த இரும்பு மணி போல நீண்டு ஒலிக்கும் என்பார்கள்; அது முழுமையான சோதனையன்று, என்றாலும் காதுக்கு இன்பம். அலகு நுழையும் துளையைச் சுற்றி உளியால் நெருக்கிய தழும்புகளும், துளையின் மேலும் கீழும் செம்புத் துண்டுகளும் இருந்தால், அந்தத் தகடு ஒன்றுக்கு மேற்பட்ட வாள்களில் பொருத்தப்பட்டு வாழ்ந்திருக்கிறது என்று பொருள். துரு இருந்தால் வேதிப்பொருளில் ஊறப்போடாதீர்கள். மான்கொம்புத் துண்டை முனைதீட்டி, செந்துரு படர்ந்த இடத்தை மட்டும் மெல்லச் சுரண்டி, பருத்தித் துணியால் நாள்தோறும் துடைத்துக்கொண்டே இருங்கள். ஆறு மாதத்தில் அது உங்களோடு பேசும்.

மென்னுலோக அணிகளுக்கு வந்தால் கண் வேறு வேலை செய்ய வேண்டும். ஷக்குதோ என்பது செம்பில் நூற்றுக்குச் சில பங்கு பொன் சேர்த்து, கரைசலில் கொதிக்கவைத்துக் கருநீலம் ஏற்றியது. காக்கையின் ஈரச் சிறகு போல இருக்கும். மேலே கருப்புச் சாயம் பூசிய பித்தளை ஓரங்களில் தேய்ந்து மஞ்சள் காட்டிவிடும். யூஜோவிலிருந்து தொடங்கிப் பதினேழு தலைமுறை வாள் அணிகள் செய்த கொத்தோ குடும்பத்தின் தொடக்கத் தலைமுறையினர் பெரும்பாலும் பெயர் பொறிக்கவே இல்லை. பிற்காலத்து வாரிசுகள் முன்னோரின் பணியைப் பார்த்து, 'இது யூஜோ செய்தது' என்று எழுதித் தம் பெயரையும் கீழே பொறித்தார்கள். ஆக அந்தப் பொறிப்பு செய்தவருடையதன்று, சான்றளித்தவருடையது. அதையும் போலி செய்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

உளிச்சுவடு

நாகோயாவாசி, உங்கள் விரல் உண்மையைச் சொல்லிவிட்டது. நக்காகோவில் பொறிப்பின் இடம் குழிந்திருந்தால், அங்கே முன்பு வேறொரு பெயர் இருந்தது, அதை அரத்தால் தேய்த்து அழித்த பிறகுதான் கோதெட்சு வந்து உட்கார்ந்தார் என்பதே பெரும்பாலும் விளக்கம். இந்த வாளை அடித்தவர் ஒரு நேர்மையான கொல்லர். தம் பெயரைத்தான் பொறித்தார். இன்னொருவர் லாபத்துக்காக அதை அழித்தார்.

சங்கத்தின் ஆய்வுக்கு அனுப்பிப் பாருங்கள். அருங்காட்சியகமும் சங்கமும் 2018 முதல் தோக்கியோவின் ரியோகொக்குவில் இருக்கின்றன. பொறிப்பு போலி என்று கருதினால் சான்றிதழ் தர மாட்டார்கள்.

பழம்பொருள் பித்தன்

அனுப்பித் திரும்பிய பிறகு என் யோசனை இது: தகுதியுள்ள கைவினைஞரிடம் கொடுத்து அந்தப் பொய்ப் பெயரை நீக்கிவிட்டு, பெயரில்லா வாளாக மறுபடி அனுப்புங்கள். ஜப்பானில் இது நடைமுறையில் உள்ளதுதான். நல்ல அலகு என்றால் மரபும் காலமும் குறித்துச் சான்றிதழ் கிடைக்கும். பெயர் இல்லாதது இழிவன்று. 2020இல் செதோஉச்சி நகராட்சி பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, 50 கோடி யென் கொடுத்து வாங்கிய தேசியச் செல்வமான 'சஞ்சோமோ'வில் ஒரு பெயரும் இல்லை. அலகைப் பார்த்துத்தான் அது இச்சிமோஞ்சி மரபு என்கிறார்கள். பொய்ப் பெயரை விட்டுவைத்தால், நாளை உங்களுக்குப் பிறகு இன்னொருவர் இதே விலையைக் கொடுத்து ஏமாறுவார்.

உளிச்சுவடு

இந்த இடத்தில் நான் உங்களோடு மாறுபடுகிறேன், பித்தன் ஐயா. நீக்கிய பெயர் திரும்பாது. ஒரு தலைமுறை போலி என்று சொன்ன பொறிப்பை, மேலும் ஒப்பீடுகள் கிடைத்த பிறகு அடுத்த தலைமுறை உண்மை என்று ஏற்றுக்கொண்டதும் உண்டு. சஞ்சோமோவுக்குப் பெயர் இல்லாததும், நாம் ஒரு பெயரைச் சுரண்டி எடுப்பதும் ஒன்றன்று. இந்த வாளில் ஏற்கெனவே ஒரு முறை அரம் இறங்கிவிட்டது. அந்த இடம் மேலும் மெலிந்தால் நக்காகோவின் உருவமே கெடும். ஏமாற்றுவது பொறிப்பன்று, விற்பவர். உண்மையை எழுதி வாளோடு வைத்துவிட்டால் போதும்.

பழம்பொருள் பித்தன்

காகிதம் தொலையும், ஐயா. இரும்பு தொலையாது. என் கருத்தில் மாற்றமில்லை.

கிந்தா ஆற்றங்கரை

உறையின் வாயில் பார்த்தேன். அதே ஐந்து இலக்கம் இருக்கிறது. மாமா இப்போது பேசுவதில்லை. பாட்டியின் படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்திருக்கிறோம்.

நாகோயாவாசி

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், பொறுத்தருளவும். எதிர்பார்த்தபடியே சான்றிதழ் இல்லாமல் வாள் திரும்பி வந்தது. வணிகரிடம் சொன்னபோது, பச்சைத் தாளை உள்ளபடியே காட்டித்தான் விற்றேன் என்று பணிவாகக் கைவிரித்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை.

பிறகு ஒரு சாணைக் கலைஞரிடம் எடுத்துச் சென்றேன். அவர் நக்காகோவைக் கடைசிவரை பார்க்கவே இல்லை. ஜன்னலோரம் அமர்ந்து, அலகைக் கால்மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது ஒவாரி வாளாக இருக்கும்' என்றார். ஒவாரி என்பது நாகோயாவை உள்ளடக்கிய பழைய மாகாணம். மினோவின் கொல்லர்கள் பலர் எதோ காலத் தொடக்கத்தில் ஒவாரிக்குக் குடிபெயர்ந்தார்கள் என்றும், 1610 வாக்கில் கியோசு நகரமே பெயர்ந்து நாகோயாவுக்கு வந்தபோது அவர்களும் இங்கே வந்துவிட்டார்கள் என்றும் விளக்கினார். மசத்சுனே, உஜிஃபுசா, நொபுதாகா ஆகிய மூவரின் வழிவந்தவர்கள் இந்த ஊரிலேயே உலை வைத்திருந்தார்களாம். எதோவின் பெரும்பெயரைத் தேடி வாங்கிய வாள், நான் நாள்தோறும் மிதிவண்டியில் கடந்து செல்லும் தெருக்களில் எங்கோ அடிக்கப்பட்டதாக இருக்கலாம். அது அவருடைய கருத்துதான், சான்றிதழன்று. அதையும் எழுதி உறைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

பெயரை நீக்கும் முடிவை இன்னும் எடுக்கவில்லை. காரணம் ஒன்று உண்டு. தொகுகாவா கலை அருங்காட்சியகத்துக்குச் சென்று பல வாள்களைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு, சாய்ந்த வெளிச்சத்தில் நக்காகோவை மீண்டும் பார்த்தேன். 'கோதெட்சு'வின் கடைசி எழுத்துக்குக் கீழே, அரம் எட்டாமல் விட்ட இடத்தில், இடப்பக்கமாகச் சாயும் சிறு கோடு ஒன்று தெரிகிறது. அதன் கரைகள் மழுங்கியிருக்கின்றன. உள்ளே இருக்கும் துரு, சுற்றிலும் இருக்கும் துருவின் நிறத்திலேயே இருக்கிறது. அழிக்கப்பட்ட பெயரின் கடைசி எழுத்தில் மிஞ்சியது என்று நினைக்கிறேன். மெல்லிய தாளை வைத்து மைக்கட்டியால் படியெடுத்திருக்கிறேன். நாளை இங்கே ஏற்றுகிறேன். உளிச்சுவடு ஐயாவும் பித்தன் ஐயாவும் அந்த ஒரு கோட்டை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும்.